குறி தவறப் பழகுதல்

"இறுக்கிப் பிடியாத மகள்! காலை அகட்டாத! மறுகாவும் அப்பிடியே நிக்கிறாய்!"

அன்னப்பூரணி தலையில் அடித்துக்கொண்டாள். தமக்கை மகள் மேனுகா தோளில் சார்த்தியிருந்தது வெறும் விளக்குமாறுதான். ஆனால் அவள் நின்ற நிலையைப் பார்த்தால் எந்த ஆமிக்காரனும் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்குவான்.

"கண் ரெண்டையும் பொத்து. சுடக்குள்ள 'ஐயோ' எண்டு கத்து."

"ஐயோ."

"பள்ளிக்கூடத்தில பேர் கூப்பிட்ட மாதிரிச் சொல்லாதகா. பயந்து கத்து!"

மேனுகாவுக்கு அழுகை வந்தது. இயக்கம் சண்டைக்கென்று பிடித்துக்கொண்டுபோனபோது, வேகம் போதாது, குறி போதாது என்று அடித்துப் பழக்கினார்கள். பழகிவிட்டாள். இப்போது அதே கையைத் தவறவிடப் பழக்குவது அதைவிடப் பெரும்பாடாக இருந்தது.

அவள் தப்பி வீட்டுக்கு வந்த வருசமே கடல் வந்து தாயையும் தகப்பனையும் கொண்டுபோனது. சின்னம்மாவை விட்டால் நாதியில்லை. சண்டை முடிந்த கையோடு இயக்கத்தில் இருந்த பழைய ஆட்களை ஆமிக்காரர் தேடித் தேடிப் பிடிக்கிறார்கள். கழுத்தில் ஒரு தாலி ஏறினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது சின்னம்மாவின் கணக்கு. வந்த சம்பந்தமெல்லாம் தட்டிப்போய், மிஞ்சியது இது ஒன்றுதான்.

மாப்பிள்ளை லக்ஷன், சித்தாண்டியில் மேசன். அவன் தாய் இரத்தினம்மா ஒரேயொரு நிபந்தனை போட்டிருந்தாள்: இயக்கத்துக்குப் போன பிள்ளை வேண்டாம். மேனுகா கொழும்பில் கார்மென்டில் இருந்தவள் என்று தரகரிடம் சொல்லியாயிற்று. சித்தாண்டிக் கோயில் திருவிழாவில் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. மாப்பிள்ளை பலூன் சுடுவதில் பைத்தியம் என்று தரகர் சொன்னதிலிருந்து சின்னம்மாவுக்கு நித்திரை இல்லை.

திருவிழாவில் பயந்தபடியே நடந்தது.

"நீங்களும் ஒருக்காச் சுடுங்களன்," என்று லக்ஷன் வெட்கத்தோடு காற்றுத் துவக்கை நீட்டினான்.

மேனுகா கண்ணைப் பொத்தினாள். கத்தினாள். ஒரு பலூனும் உடையவில்லை.

"தங்கச்சி, பலூன் இஞ்சால இரிக்கி!" என்று கடைக்கார அசனார் காக்கா கூவ, எல்லோரும் சிரித்தார்கள். லக்ஷனும் சிரித்தான். மேனுகாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த நிம்மதியில்தான் பிழை நடந்தது. துவக்கைத் திருப்பிக் கொடுக்குமுன், கை தன் பாட்டில் அதன் வாயைத் தரைக்குத் திருப்பியது. குழலை மடித்தது. உள்ளே குண்டில்லை என்று பார்த்த பிறகுதான் நீட்டியது. எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள்.

நிமிர்ந்தாள். இரத்தினம்மா அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுகணம் அந்த மனுசி பாய்ந்து குறுக்கே வந்து துவக்கைப் பறித்தாள்.

"துவக்கெண்டா நடுங்கிற, ஒண்டும் தெரியாத விசர்ப் பெட்டை! இதையா என்ட மகன்ட தலையில கட்டப் பாத்தீங்க? எங்களுக்கு வேணாம்!"

திருவிழாவே திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கச்சான் கடலைக் கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த, சிவில் உடுப்புப் போட்ட இரண்டு ஆமிக்காரரும் சிரித்துவிட்டு அப்பால் நடந்தார்கள்.

"அம்மா, எனக்குப் புடிச்சிருக்கு," என்றான் லக்ஷன்.

"நீ வாயப் பொத்து!"

"தாய் தகப்பன் இல்லாத பிள்ள அக்கா..." அன்னப்பூரணி கையெடுத்துக் கும்பிட்டாள். இரத்தினம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இவளெல்லாம் ஒரு பொம்புளையா?" என்று கூட்டத்தில் யாரோ இரத்தினம்மாவைப் பார்த்துக் காறித் துப்பினார்கள்.

மகனை இழுத்துக்கொண்டு மேனுகாவைக் கடந்துபோகையில், இரத்தினம்மா சட்டென்று அவள் கையைப் பற்றினாள். குரல் காதுக்கு மட்டும் கேட்டது.

"இயக்கத்துக்குப் போய்த் திரும்பி வராத என்ட மூத்தவளத் தேடிக் கிழமைக்கொருக்கா ஆமிக்காரனுகள் வீட்டுக்கு வாறானுகள் மகள். உன்ட இந்தக் கைய நான் அங்க எங்க ஒளிச்சு வைக்க?"