உடைகிற வேலை

ஆயுத பூஜையன்று தொழிற்சாலை வாசலில் திருஷ்டி சுற்றி உடைபடுவது பூசணிக்காயின் பரம்பரை வேலை. "ஆளுங்களை அனுப்பிட்டு மெஷின் போடலாம். சுக்குநூறா உடையறதுக்கு எந்த மெஷின் வரும்?" என்று அது எலுமிச்சம்பழத்திடம் பெருமையடித்துக்கொள்ளும்.

அந்த வருஷம் அதுவும் வந்துவிட்டது. கப்பலேறி வந்த பிளாஸ்டிக் பூசணி. பொத்தானை அழுத்தினால் நாலாபக்கமும் சிதறும். மறுபடி அழுத்தினால் தானே ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். குங்குமம்கூட உள்ளேயே இருந்தது. இனி தினமும் மூன்று ஷிஃப்டுக்கும் திருஷ்டி கழிக்கலாம் என்று முதலாளிக்குச் சந்தோஷம்.

பூசணிக்காய் வாசலில் கிடந்து அழுதது.

லாரிச் சக்கரத்துக்கு அடியில் நசுங்கக் காத்திருந்த எலுமிச்சம்பழம், "ஏம்ப்பா, நீ உயிர் பிழைச்சிருக்கே. பேசாம ஊருக்குப் போய்ச் சேரு" என்றது.

"எந்த மூஞ்சியோட போவேன்? எங்க வம்சத்துல முழுசா திரும்பிப் போனவன் ஒருத்தன் உண்டா?"

அந்த நேரம் மானேஜர் வந்தார். பூசணிக்காய் உருண்டு போய் அவர் காலடியில் நின்றது.

"சார், நானும் தினம் மூணு ஷிஃப்டு உடையறேன்."

மானேஜர் யோசித்தார். "லீவு கேப்பியா?"

"கேக்க மாட்டேன் சார்."

"சரி, நாளைக்குக் காலையில வந்துடு."

அவர் போனதும் எலுமிச்சம்பழம் பதறியது. "முதல் ஷிஃப்டுலயே தூள்தூளாயிடுவியே. ரெண்டாவது ஷிஃப்டுக்கு என்ன பண்ணுவே?"

பூசணிக்காய் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"அதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல வேலையில சேர்ந்துடறேன்."