மீதி நாலு நாள்

"வாரத்துல மூணு நாள்தான் வருவேன்னா, கடையை நான் எப்படிம்மா நடத்துறது?"

ஜனகராஜ் கேட்டது ஆர்த்திகாவிடம். பழங்காநத்தத்தில் இருக்கும் அவருடைய கண்ணாடிக் கடையில் ஐந்து வருடமாகக் கண் பரிசோதனை செய்தவள் அவள். பிரசவத்துக்குப் போய், எட்டு மாதம் கழித்து இன்றுதான் வந்திருக்கிறாள்.

"மாமியாரும் கப்பலூர்ல கம்பெனி வேலைக்குப் போறாங்க சார். மூணு நாள்தான் அவங்களால பிள்ளையப் பார்த்துக்க முடியும். அந்த மூணு நாளும் கடை அடைக்கிற வரைக்கும் இருக்கேன்."

"மத்த நாள் வாரவங்களுக்கு யாரு பவர் பார்க்குறது? நானா? நான் பிரேம் விக்கிறவன்." அவர் பெருமூச்சு விட்டார். "திருநகர்ல இருக்குற நம்ம இன்னொரு கடையில கண் பார்க்குற மெஷின் இருக்கு, ஆள் இல்ல. நாலு மாசமா அந்த ரூம் பூட்டியே கிடக்கு. இந்தக் கண் பரிசோதனைப் படிப்புக்கு வர்றதுல முக்காவாசி பொம்பளப் பிள்ளைக. ரெண்டு வருஷம் வேலை பார்க்குதுக. அப்புறம் கல்யாணம், பிள்ளைன்னு வீட்டோட இருந்துருதுக. ஒருத்தியாவது திரும்பி வந்து நான் பார்த்ததில்ல."

"வரணும்னு ஆசை இருக்கு சார். முழு நாளும் வா, ஞாயித்துக்கிழமையும் வான்னா எப்படி வாரது?"

வெளியே ஒரு பெரியவர் கண் பார்க்க வந்து, ஆள் இல்லை என்று தெரிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஜனகராஜ் அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீதி நாலு நாளுக்கு ஒருத்தங்க இருக்காங்க சார்" என்றாள் ஆர்த்திகா. "ஒரே வேலையை நாங்க ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கிறோம்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அனுபவம் உண்டா?"

"என்னை விட நல்லாப் பார்ப்பாங்க. ஆனா பதிமூணு வருஷம் வீட்ல இருந்துட்டாங்க."

"பதிமூணு வருஷமா? எல்லாம் மறந்திருக்குமே!"

"இல்ல சார். ஆறு மாசமா ஞாயித்துக்கிழமை தோறும் கப்பலூர் கண் முகாமுக்கு வந்து பார்க்குறாங்க. போன வாரம் நானும் பக்கத்துல இருந்தேன். ஒரு லாரி டிரைவர், எம்புட்டுக் கண்ணாடி மாத்துனாலும் தலைவலி போகலைன்னாரு. இவங்க அரை மணி நேரம் பொறுமையா உக்காந்து பார்த்துச் சரி பண்ணுனாங்க. அந்த ஆளு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாரு."

"இம்புட்டுத் திறமையை வச்சுக்கிட்டு ஏம்மா வீட்ல இருந்தாங்க?"

"பிள்ள கொஞ்சம் வளரட்டும், அப்புறம் போகலாம்னு வீட்டுக்காரர் சொன்னாராம். பிள்ள இப்ப எட்டாவது படிக்குது."

"இவங்க கேக்க வேண்டியதுதானே?"

"ரெண்டு தடவ கேட்டாங்களாம். 'இப்ப என்ன அவசரம்'னுட்டாராம்."

"முகாமுக்கு மட்டும் விடுறானா?"

"அவருக்குத் தெரியாது சார். ஞாயித்துக்கிழமையும் வேலைக்குப் போயிருவாரு."

ஜனகராஜுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. மேஜையைத் தட்டினார்.

"ஆள் கிடைக்காம நாங்க இங்க நாயா அலையுறோம். அந்தக் கூறுகெட்ட மனுஷன் நல்லாத் தொழில் தெரிஞ்சவங்கள வீட்டுக்குள்ள உக்கார வச்சிருக்கான்! என்ன மனுஷன்மா அவன்?"

மேஜையிலிருந்து உருண்டு விழுந்த பேனாவை ஆர்த்திகா எடுத்து வைத்தாள்.

சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தவர், "சரிம்மா. நீ மூணு நாள் வா. அவங்க நாலு நாள் வரட்டும். திருநகர் ரூமை அப்புறம் பார்த்துக்குவோம்" என்றார். "நாளைக்கே அவங்களக் கூட்டிட்டு வா. அந்தப் புருஷன் ஏதாச்சும் தகராறு பண்ணுனா நான் பேசிக்கிறேன்."

பையை எடுத்துக்கொண்டு எழுந்த ஆர்த்திகா, வாசலில் ஒரு கணம் நின்றாள்.

"நான் கூட்டிட்டு வர வேண்டியதில்ல சார். நாளைக்குக் காலைல நீங்க வீட்ல இருந்து கிளம்பும்போது, உங்க பைக்லயே பின்னாடி உக்காந்து வந்துருவாங்க."