பக்கத்து மேஜைக் கூட்டம்

“இது எனக்கு வரலையேம்மா. உங்க மிஸ்கிட்டயே கேளேன்.”

நோட்டோடு வந்து நின்ற சிறுமியிடம் ஃபார்முலா மேடம் இப்படிச் சொன்னதும் ஆசிரியர் அறையில் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்க மாட்டார்களா பின்னே? இருபத்திரண்டு வருஷமாகக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர். பத்தாம் வகுப்புக் கணக்கையே பேப்பர், பேனா இல்லாமல் ஊதித் தள்ளுபவர். அவருக்குப் போய் எட்டாம் வகுப்புக் குழாய்க் கணக்கு வரவில்லையாம்! இரண்டு குழாயும் சேர்ந்து ஒரு தொட்டியை எத்தனை மணி நேரத்தில் நிரப்பும் என்கிற அதே அரதப் பழசான கணக்கு.

அந்த ‘உங்க மிஸ்’ பக்கத்து மேஜையில்தான் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. பிள்ளைகளுக்கு இன்னமும் ‘புது மிஸ்’தான்.

இந்த ஐந்து மாதமும் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். மத்தியான மணி அடித்தால் போதும், நோட்டும் கையுமாக எட்டாம் வகுப்பே திரண்டு வந்துவிடும். எங்கே? ஃபார்முலா மேடம் மேஜைக்கு! காலையில் இவள் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்த அதே கணக்கை, இவள் கண்ணெதிரிலேயே அங்கே போய்க் கேட்பார்கள். மேடம் ஒரு வாய் சாப்பிடுவார், ஒரு கணக்குப் போடுவார். இவள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு முடிப்பாள்.

ஒரே ஒரு பிள்ளை. ஒரே ஒரு சந்தேகம். அதற்கு எப்படி ஏங்கினாள் தெரியுமா?

“இன்னைக்காவது யாராவது வந்தாங்களாடி?” என்று அக்கா தினமும் கேட்பாள்.

“ம்ஹூம்.”

“விட்டுத் தள்ளு. எங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கறாங்க. பேசாம வந்துடு.”

அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் வேலையை விட்டுவிடுவது என்று முடிவே செய்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்தச் சிறுமி நோட்டோடு இவள் பக்கம் திரும்பினாள்.

“மிஸ், மேடத்துக்கு வரலையாம். உங்களுக்கு வருமா?”

வருமாவாவது! டப்பாவை ஓரமாகத் தள்ளினாள். ஒரு தடவை போட்டுக் காட்டினாள், புரியவில்லை. தொட்டிப் படம் வரைந்தாள், அப்பவும் முழித்தாள் சிறுமி. மூணாவது தடவை, “அட, இவ்வளவுதானா மிஸ்!” என்று சிரித்தாள் பாருங்கள், புது மிஸ்ஸுக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை சந்தோஷம்.

மறுநாள் இரண்டு பேர். அடுத்த வாரம் ஏழெட்டுப் பேர். அத்தனை பேரையும் ‘எனக்கு வரலை’ என்று ஃபார்முலா மேடம்தான் இந்தப் பக்கம் அனுப்பினார். ஒரு மாதத்தில் அங்கே இருந்த கூட்டம் முழுசாக இங்கே வந்துவிட்டது. அக்காவின் ஆபீஸ் பேச்சையே காணோம்.

ஆசிரியர் அறை சும்மா இருக்குமா?

“தொட்டி காலியாயிடுச்சு போலிருக்கே!” என்றார் சயின்ஸ் சார். எல்லோரும் சிரித்தார்கள். புது மிஸ்ஸும் சிரித்தாள். ஃபார்முலா மேடம் காதில் விழாதது மாதிரி கை கழுவப் போனார்.

சிரித்ததோடு புது மிஸ் விட்டிருக்கலாம். ஆசை விடவில்லை. நேரே தலைமையாசிரியர் அறைக்கே போய்விட்டாள்.

“சார், வர்ற வருஷம் பத்தாம் வகுப்பை எனக்குக் குடுங்க. மேடத்தைக் குறை சொல்றதா நினைக்காதீங்க, எட்டாம் வகுப்புக் கணக்கே அவங்களுக்கு மறந்துபோச்சு. பிள்ளைங்க எல்லாம் இப்ப என்கிட்டதான் வர்றாங்க.”

தலைமையாசிரியர் எதிர் நாற்காலியைக் காட்டினார்.

“உட்காருங்கம்மா. சாயங்காலம் பத்தாவதுக்கு அவங்க ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கறாங்களே, ஒரு நாள் ஜன்னல்ல நின்னு பாருங்க. அங்க ஒண்ணுமே மறக்கலை.”

“அப்ப... எட்டாவதுக்கு மட்டும் ஏன் சார்?”

“போன வருஷம் உங்க இடத்துல ஒரு பொண்ணு இருந்தா. நல்லாச் சொல்லிக்குடுப்பா. ஒரு பிள்ளை அவகிட்ட வந்து நிக்கலை. மூணே மாசம், அழுதுக்கிட்டே போயிட்டா. ‘என் மேஜை முன்னாடி நின்ன கூட்டம்தான் சார் அவளை விரட்டிடுச்சு’ன்னு போன மாசம், நீங்க தலை குனிஞ்சு சாப்பிடறதைப் பார்த்துட்டு வந்து, மேடம் இதே நாற்காலியில உட்கார்ந்து சொன்னாங்க.”

புது மிஸ் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் குனிந்து பார்த்தாள்.

“இருபத்திரண்டு வருஷம்மா. பிள்ளைங்க வந்து சுத்தி நிக்காம அவங்களுக்கு ஒரு வாய் இறங்காது. இப்பவும் மணி அடிச்சா, யாராவது வர்றாங்களான்னு வாசலைப் பார்த்துக்கிட்டேதான் உட்கார்ந்திருக்காங்க. வந்தா, உங்ககிட்ட அனுப்பறதுக்கு.”