அரிசிப் பெட்டி

பெற்ற மகள் முதல் தடவையாக மேடை ஏறுகிறாள். அப்பாக்காரர் குறட்டை விடாத குறையாகத் தூங்குகிறார். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

"தொக்சு அண்ணே!" என்று முழங்கையால் இடித்தேன். கண்ணைத் திறக்கவே இல்லை.

போன மாதம் எங்கள் சுவொன் ஊர் மார்க்கெட் வாசலில் தெருவையே அடைத்து பேனர் கட்டியது இதே மனுஷன்தான். 'அரிசிக்கடை தொக்சுவின் மகள் ஒக்ரின் ராஜா கதை பாலேயில் ஆடுகிறாள்! எல்லோரும் வாருங்கள்!' அதை நம்பி நான் என் கிம்ச்சி ஊறுகாய்க் கடையையும், மல்சுன் அவள் மீன் கடையையும் சாத்திவிட்டு, பூங்கொத்தும் கையுமாக வந்து உட்கார்ந்திருக்கிறோம்.

மேடையில் ராஜா, பெற்ற மகனையே அரிசிப் பெட்டிக்குள் போட்டு மூடச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் படித்த கதைதான். இருந்தாலும் மூடியை அடித்துச் சாத்தியபோது பூங்கொத்தை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

மந்திரிகள் ஆடினார்கள். காவலர்கள் ஆடினார்கள். ஒக்ரினைக் காணோம்.

"எங்கடி அவ?" என்றாள் மல்சுன்.

"கூட்டத்துல எங்கயாவது நிப்பா."

"ஒவ்வொரு மூஞ்சியா பாத்துட்டேன், இல்ல. பேனர் எல்லாம் சும்மா புளுகு போல. அதான் வெக்கத்துல இப்படிக் கண்ணை மூடிக்கிட்டாரு."

எனக்கு மானம் போனது. நாளைக்கு மார்க்கெட்டில் என்னவென்று சொல்வது?

அப்போதுதான் அந்தப் பெட்டி நகர ஆரம்பித்தது.

இளவரசனின் மனைவி இடது பக்கம் ஓடினாள், பெட்டியும் கூடவே உருண்டது. அவள் விழுந்து அழுதாள், பெட்டி நடுங்கியது. ஒரு தடவை மேடை விளிம்பு வரைக்கும் சுழன்று வந்து, கீழே வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருந்த பள்ளத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அய்யோ, எனக்கு உயிரே போய்விட்டது! எதற்கும் அழாத மல்சுன் மூக்கைச் சிந்தினாள்.

தொக்சு அண்ணனைப் பார்த்தேன். அதே தூக்கம். நெற்றியில் வியர்வை. விரல் மட்டும் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது.

"கனவுலயும் அரிசி அளக்குறாரு பாரு" என்றாள் மல்சுன்.

கதையில் எட்டாம் நாள் இளவரசன் உயிர் போக, பெட்டியின் நடுக்கம் நின்றது. திரை விழுந்தது.

மறுபடி திரை தூக்கியதும் ராஜா வந்து வணங்கினார், பெட்டிக்குள் இருப்பதாக நாங்கள் நினைத்த இளவரசனும் மனைவியும் மேடை ஓரத்திலிருந்து கைகோத்து வந்து வணங்கினார்கள். பிறகு மூன்று பேருமாகப் போய்ப் பெட்டியின் மூடியைத் திறந்தார்கள்.

உள்ளேயிருந்து, தொப்பலாக நனைந்த தலையோடு எழுந்து நின்றாள் நம்ம ஒக்ரின்! இவ்வளவு நேரம் பெட்டியை ஆடவைத்தது அவள்தான்!

அரங்கமே எழுந்து நின்றது.

"எங்க மார்க்கெட்டுப் பொண்ணுய்யா அவ! எங்க அரிசிக்கடைப் பொண்ணு!" என்று மல்சுன் தொண்டை கிழியக் கத்தினாள். நானும் கத்தினேன். ராஜாவுக்குக்கூட அவ்வளவு கைதட்டல் விழவில்லை. நானே பெற்ற மாதிரி எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திரும்பினேன். தொக்சு அண்ணன் எழுந்து நின்று மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பெத்த பொண்ணு அங்க உயிரைக் குடுத்து ஆடுறா. ஆரம்பத்துலேருந்து தூங்கிட்டு, கை தட்டுற நேரத்துக்குக் கரெக்டா முழிச்சுட்டீங்களே! நல்ல அப்பா!"

"நான் எங்கேம்மா தூங்கினேன்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பெட்டிக்குள்ள கும்மிருட்டு. தாளத்தை எண்ணி எண்ணித்தான் நகரணும். ஒண்ணு தப்புனா பள்ளத்துல விழுந்துருவா. அதான் ஒரு மாசமா கடை அரிசித் தொட்டியில அவளை உக்கார வெச்சு, மூடியில தட்டித் தட்டி எண்ணப் பழக்கினேன்."

"அந்தச் சத்தத்தை நாங்க எலின்னுல்ல நெனச்சோம்!" என்றாள் மல்சுன்.

அவர் சிரித்தார்.

"இன்னிக்கும் அவகூடவே எண்ணிக்கிட்டிருந்தேன்மா. எம்பொண்ணு அங்க இருட்டுல கெடக்குறப்ப, நான் மட்டும் எப்படிக் கண்ணைத் தொறந்து வெளிச்சத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்பேன்?"