ஏழு அங்குல ஃபோர்க்

பிரசன்னாவின் மலை சைக்கிளுக்கு, முன்சக்கர அதிர்வைத் தாங்கும் புது ஃபோர்க் வந்தது.

"பழைய ஃபோர்க் நாலு அங்குலம்தான் அமுங்கும். நான் ஏழு! பாறாங்கல்லையே முழுங்கிடுவேன்," என்று அது பெடலிடம் பீற்றிக்கொண்டது.

"முழுங்கு, முழுங்கு. நம்மாளு போறது தெருமுனை டீக்கடை வரைக்கும்தான்," என்றது பெடல்.

பிரசன்னா கற்பூரம் காட்டி, முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சைக்கிளை அதன்மேல் ஏற்றி இறக்கினான். பழம் நசுங்கியது. ஃபோர்க் துளிகூட அமுங்கவில்லை. அதன்மேல் சாறு தெறித்துவிட்டதே என்று பதறிப்போய்த் துடைத்தான். சைக்கிளை உறைபோட்டு மூடினான். உடனே கைபேசியை எடுத்து, எட்டு அங்குல ஃபோர்க்குக்கு விலை விசாரித்தான்.

உறைக்குள்ளிருந்து ஃபோர்க் மெல்லக் கேட்டது: "மலைக்கு எப்பப் போவோம்?"

"இப்பத்தானே ஏறி இறங்கினே!" என்றது பெடல்.