கோணல் லாரி

ஆஸ்திரேலியாவின் மவுன்ட் ஐசா ஊர் லாரி யார்டில் லோர்னா இன்றும் கோணலாகத்தான் நிறுத்தினாள். லாரியின் இரண்டு டிரெய்லர்களும் சண்டை போட்ட சம்பந்திகள் போல ஆளுக்கொரு பக்கம் பார்த்தன.

"ரெண்டு மாசமா இதே கூத்து," என்றான் பயிற்சியாளன் மெர்வ். "ஒரே ஒரு தடவை நேரா ரிவர்ஸ் எடு. லைசென்ஸை வாங்கிட்டு உன் டார்வின் ஊருக்குப் போய்ச் சேரு. எனக்கும் நிம்மதி."

"வாத்தியார் சரியில்ல."

அவன் டீ எடுத்துவரப் போனதும், மாடு ஏற்றிய லாரியொன்று வழி கேட்டு ஹாரன் அடித்தது. லோர்னா ஒரே மூச்சில் இரண்டு டிரெய்லர்களையும் நூல் பிடித்தாற்போல் பின்னால் தள்ளி ஒதுங்கினாள். அது போனதும், வண்டியைப் பழையபடி கோணலாக்கிவிட்டு இறங்கினாள்.

மெர்வ் இரண்டு கோப்பைகளோடு ஆபீஸ் வாசலில் நின்றிருந்தான். டீ ஆறிப் போயிருந்தது.

"பாத்தியா?" என்றாள்.

"எதை?" ஒரு கோப்பையை நீட்டினான். "உனக்கெல்லாம் இன்னும் ரெண்டு மாசமாவது ஆகும். நாளைக்குச் சீக்கிரமே வந்துடு."