முதல் வரியில் இல்லாத பெயர்

சர்வர் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மேனேஜர் சுந்தர்ராஜ், ஹேமந்த், சைரா. பழைய சர்வரையும் சேர்த்தால் நாலு. மதியத்துக்குள் அதை அழித்துவிடப் போகிறார்கள்.

வேலூர் ஹெட் ஆபீஸ். சனிக்கிழமை.

ஷூ கம்பெனிக்குத் தொழிலாளர்களை ஏற்றி வரும் பஸ்கள் எந்த நாளில் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் மென்பொருளைப் பொட்டலமாகக் கட்டிப் புது சர்வருக்கு மாற்றுகிறார்கள். மென்பொருளின் துண்டுகளான மாட்யூல்களில் எது எது தேவை என்று யாரும் உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை. ஒரு கருவி ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் படித்து, அதில் பெயர் எழுதியிருக்கும் மாட்யூல்களைத் தானே பட்டியல் போடும். பட்டியலில் இருப்பது பொட்டலத்துக்குள். இல்லாதது பழைய சர்வரோடு.

ஆட்களுக்கும் அதே விதிதான். ஹேமந்த், சைரா இரண்டு பேரில் ஒருவர் போதும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. யார் எழுதியது பட்டியலில் வருகிறதோ அவருக்கு வேலை. முகத்தைப் பார்த்து ஒருவரைப் போகச் சொல்ல சுந்தர்ராஜுக்கு வராது.

பதினான்கு பெயர்கள் வந்தன. பதினான்கும் ஹேமந்த் எழுதியவை.

நாலு வருடமாக அந்தப் பதினான்கையும் பழுது பார்த்தவள் சைரா. அவளே எழுதியது ஒன்றுதான். ஆம்பூர் யூனிட்டின் லீவு மாட்யூல். அங்கே வெள்ளிக்கிழமை லீவு, ஞாயிறு வேலை. அது இல்லாவிட்டால் மென்பொருள் பொது லீவான ஞாயிறையே எடுத்துக்கொள்ளும்.

"சார், எழுதி வச்ச பேரைத்தான் அந்தக் கருவி படிக்கும். என்னோடத, எந்த யூனிட்டுன்னு பாத்துட்டு, சாஃப்ட்வேர் ஓடும்போதுதான் கூப்பிடும். அது இல்லன்னா நாளைக்கு ஆம்பூர்ல ஒரு பஸ்ஸும் கிளம்பாது."

ஆம்பூர் பக்கமே போகாத சுந்தர்ராஜ் சிரித்துவிட்டார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைம்மா. பஸ்ஸு இன்னாத்துக்கு, சர்ச்சுக்கா?"

ஹேமந்த் சிரிக்கவில்லை. மூன்று வருடம் ஆம்பூர் யூனிட்டில் இருந்தவன். ஞாயிறு காலை பேரணாம்பட்டு ரோட்டில் டிபன் பாக்ஸோடு பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களை அவன் பார்த்திருக்கிறான்.

சைரா அவனைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"பட்டியல் கரெக்ட்டுதான் சார்," என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

போன மாதம் வரை அவள் மாட்யூலின் பெயர் ஸ்கிரிப்டின் முதல் வரியில்தான் இருந்தது. "மேல ஜாஸ்தியா இருக்கு, எப்பிடியும் ஓடும்போது கூப்பிடுதே, அத எடுத்துடு தோஸ்த், நீட்டா இருக்கும்," என்று அவன்தான் சொன்னான். அவளே அதை எடுத்தாள். டீ வாங்கிக் கொடுத்தான்.

சைரா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

சர்வர் அறையை உள்ளேயிருந்து பூட்டுவதுதான் வழக்கம். எழுந்து வந்து கதவைச் சாத்திப் பூட்டியவன் ஹேமந்த்.